காப்பிக்கு ஒரு காதற்சொல்

பகவதிப்பெருமாள் பிள்ளை தம் மனைவியைக் காதலிப்பது என்று தீர்மானித்தார். திங்கட்கிழமை காலையில் தொடங்கி அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும். அதற்குமேல் தேவைப்படாது என்பது அவர் கணக்கு.

கணக்கில் அவர் தவறுகிறவர் அல்ல. திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். கரமனையில் சொந்த வீடு. பூர்வீகம் நாஞ்சில் நாடு. பகலெல்லாம் ஜி.எஸ்.டி., சாயந்திரமானால் தமிழ். ஆபீசில் மலையாளிகள் அவரைப் ‘பிள்ளை சார்’ என்பார்கள். ஊர்த் தமிழர்கள் ‘நம்ம பேச்சாளர்’ என்பார்கள். இரண்டாவது பெயரைக் கேட்டால் அவர் நெஞ்சு சட்டைப் பொத்தானோடு தகராறு செய்யும்.

பேச்சாளர்களில் அவருக்கென்று ஒரு தனிப் பாத்தி உண்டு. ஆணும் பெண்ணும் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் ஆசைக்குத் தமிழில் எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. ‘காமம்’ என்று மேடையில் கணீரென்று சொல்வார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். “ஏன் கூசுகிறீர்கள்? பழந்தமிழர் தலைநிமிர்ந்து சொன்ன சொல் அது. நாம்தான் அதைக் கெட்ட சகவாசத்தில் விட்டுவிட்டோம்” என்பார். “காதல் என்ற சொல்லையோ சினிமாக்காரன் தூக்கிக்கொண்டு போனான். கல்யாணம் ஆகாதவன் காதல் என்று சொன்னால் ‘எப்போது கல்யாணம்?’ என்கிறார்கள். ஆனவன் சொன்னால் ‘யாரோடு?’ என்கிறார்கள். ஆசை என்ற சொல் பாவம், ஒரே நாளில் மைசூர்பாகுக்கும் மனைவிக்கும் சேர்த்து உழைக்கிறது. மையல், வேட்கை, விழைவு, நசை, இவையெல்லாம் வேலையில்லாமல் அகராதிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை வீட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள்” என்று முடிப்பார். கைதட்டல் ஓய்ந்ததும் அவர் மட்டும் வீட்டுக்குப் போவார். சொற்கள் ஹாலிலேயே தங்கிவிடும்.

வீட்டில் மனைவி சிவகாமியம்மாளிடம் அவர் பேசும் தமிழ் வேறு. ‘மோட்டார் போட்டியா?’ ‘துண்டு எங்க?’ ‘கேஸ் வந்தாச்சா?’ இதில் கடைசிதான் கொஞ்சம் உணர்ச்சியோடு வரும்.

தலைநகர்த் தமிழர் மன்றம் வருஷந்தோறும் ஒருவருக்குச் ‘சொற்கோ’ என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தும். போன வருஷம் அது ஒரு பல் டாக்டருக்குப் போனது. அதற்கு முந்தைய வருஷம் அந்த டாக்டரின் மாமனாருக்குப் போயிருந்தது. பிள்ளை இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். இந்த வருஷம் பட்டம் அவருக்குத்தான் என்று எல்லோருமே சொன்னார்கள். விழாவில் அவர் பேச்சின் தலைப்பு, ‘காதற்சொற்களும் அவற்றின் பயன்பாடும்’.

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. நடுவில் ஒரு தட்டில் பருப்பு வடை. செயலாளர் வன்னியபெருமாளின் மனைவி சரோஜம் சுட்டுக் கொடுத்தனுப்பியது. வன்னியபெருமாள் ரயில்வேயில் ரிடையரான திருநெல்வேலிக்காரர். அவரும் பேசுவார். அவருக்கும் அந்தப் பட்டத்தின்மேல் ஒரு கண் உண்டு, அது என்ன ஆசை என்பதற்கு மட்டும் பிள்ளையிடம் சொல் இல்லை.

“பேச்சு நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி, நமக்குத் தெரியாதா” என்று ஆரம்பித்தார் வன்னியபெருமாள். “ஆனா தலைப்பைப் பாரும். சொல்லு உம்மகிட்ட இருக்கு. பயன்பாடு எங்க இருக்கு?”

“பயன்பாட்டுக்கு என்ன வே குறை?”

“வீட்டில சொல்லுதீரா?”

வடைத் தட்டை நோக்கிப் போன கைகள் நின்றன. எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு ஒரு வடையை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவர் மானஸ்தர்.

“சொல்லுதீராவா? தினமும் வே. காலையில காப்பித் தம்ளரைக் கையில வாங்கும்போதே ஒரு சொல்லு. இன்னைக்குச் சொன்னது நாளைக்குக் கிடையாது.”

மன்றத் தலைவர் சத்தியநேசன் நெய்யாற்றின்கரைப் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு என்று பார்த்துப் பேசினார்.

“அப்ப உங்க வீட்டம்மாவும் மேடைக்கு வரட்டும். ஆமா, சொல்லுவாருன்னு ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லட்டும். சபைக்கு ஒரு பாடமா இருக்கும்.”

“அவளுக்கு மைக்குன்னா பயம்.”

“உக்காந்தே பேசட்டும் அண்ணாச்சி” என்றார் வன்னியபெருமாள், தேன் ஒழுக. “நான் வழிமொழியுதேன்.”

தீர்மானம் நிறைவேறியது. வடையும் நிறைவேறியது. “நோட்டீசில அவ பேரு போடாண்டாம். வீட்டில நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்” என்று கேட்டுக்கொண்டு பிள்ளை எழுந்தார்.

கரமனைப் பாலத்தின்மேல் நடக்கும்போது யோசித்தார். பொய்ச்சாட்சி சொல்லும்படி அவளிடம் கேட்க முடியாது. “பொய் எதுக்கு? நெசமாவே சொல்லியிருக்கலாமே” என்பாள். அவள் மேடையேறி உள்ளதைச் சொன்னாலோ பட்டம் போகும், மானம் போகும், வன்னியபெருமாள் சாகும்வரை சிரிப்பார். ஆகவே விழா நாளில் சிவகாமி திருவனந்தபுரத்தில் இருக்கக் கூடாது. பாலத்தின் மறுகரையை எட்டும்போது திட்டம் தயாராகிவிட்டது. பொன்முடி.

மலைமேல் இருக்கும் அந்தப் பொன்முடிக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவள் கேட்கத் தொடங்கியபோது மகள் திவ்யலட்சுமி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வளைவில் தலைசுற்றும், பனியில் சளி பிடிக்கும், புல்லில் அட்டை கடிக்கும் என்று ஒவ்வொரு தடவையும் பிள்ளை ஒரு காரணத்தை வைத்திருந்தார். இப்போது அவரே அனுப்பி வைக்கப்போகிறார். எதைச் சொல்லி? தெரிந்த வித்தை எதற்கு இருக்கிறது? காதலைச் சொல்லி.

திங்கட்கிழமை காலை சிவகாமியம்மாள் காப்பியை நீட்டினாள். பிள்ளை தம்ளரை வாங்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். நாஞ்சில் நாட்டு வழக்கப்படி மனைவியை அவர் ‘பிள்ளே’ என்றுதான் கூப்பிடுவார்.

“ஏ பிள்ளே, உன்மேல எனக்கு ஒரு விழைவு.”

“என்னது?”

“விழைவு. விருப்பத்துக்கு நல்ல தமிழ்ச்சொல்லு.”

அவள் புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்ல. நேத்து கமிட்டியில என்ன தின்னிய?”

“வடை.”

“ஒருபாடு தின்னிருப்பிய, அளவில்லாம.”

“ஒரு புருசன் பெண்டாட்டிகிட்ட ஆசையா ஒரு வார்த்தை சொன்னா, அதுக்கும் வடைக்கும் என்ன சம்பந்தம்?”

“எனக்கு எப்படித் தெரியும்? இதுக்கு முன்னால சொல்லியிருந்தா ஒரு பழக்கம் இருக்கும்.”

பிள்ளை அதை விழுங்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். பொன்முடியில் ஒரு நல்ல ரூம். பக்கத்து வீட்டு சுதீஷின் கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கிளம்புகிறாள். மன்றத்து விழாவை முடித்துவிட்டு அவர் மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்கிறார்.

“அப்ப உங்க பேச்சு?”

“இத்தனை வருசமா நீ வரல்ல, நான் பேசாமலா இருந்தேன்? அங்க என்ன இருக்கு, பிளாஸ்டிக் நாற்காலியும் கொசுவும்.”

“பொன்முடியில அட்டை கடிக்கும்னு சொன்னியளே.”

“மனசில ஆசை இருந்தா அட்டை கடிச்சா தெரியாது.”

சிவகாமியம்மாள் தம்ளரை அவர் கையில் வைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “இவ்வளவு விழைவு வச்சிருக்க மனுசனை விட்டுட்டு நான் மட்டும் எப்படி மலையேறுவேன்? நான் போகல்ல.”

பிள்ளை திகைத்தார். மருந்தின் அளவு போதவில்லை என்று நினைத்தார். மறுநாள் காலை ஒரு படி ஏற்றினார். “உன்மேல எனக்கு மையல்.” அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் சேனை வறுவல், அதன் அடியில் இன்னும் கொஞ்சம் சேனை வறுவல். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் அவள் வாசலிலேயே நின்றாள். அவர் டி.வி. பார்க்க உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் நகர்ந்தார். அவளும் நகர்ந்தாள். சோபா முடிந்துபோயிற்று.

“சுதீஷ்கிட்ட வண்டி பேசியாச்சு பிள்ளே.”

“வேண்டாம்னு சொல்லிருங்க. மையல் வச்ச மனுசனைத் தனியா விடப்பிடாது.”

திட்டம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவளைத் துரத்த எடுத்த சொல் ஒவ்வொன்றும் அவளை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தது. ஆனாலும், உண்மையைச் சொல்ல வேண்டும், பிள்ளைக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. ஒரே ஒரு சொல், அதற்கு இவ்வளவு வேகமா? தமிழ் என்றால் சும்மாவா? ஆபீசில் பக்கத்து மேஜை ஆதர்ஷை அழைத்து, ஆசைக்கு மலையாளத்தில் எத்தனை சொல் புழக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். ஆதர்ஷ் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், நிதானஸ்தன்.

“ஞங்ஙள்க்கு ‘இஷ்டம்’ மதி சார், போதும். மீன்கறியும் இஷ்டம், பாரியயும் இஷ்டம்.”

“அவ கோபப்படமாட்டாளா?”

“மீனுக்கு முன்னே அவளெ பறயணும். அத்ரயேயுள்ளு.”

மீனுக்கு முன்னால் மனைவியைச் சொன்னால் போதுமாம்! பிள்ளை அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

புதன்கிழமை தந்திரத்தை மாற்றினார். ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் அவள் ஒட்டாமல் இருப்பாள் அல்லவா? காப்பிக்குக் கையை நீட்டினார். தம்ளர் வரவில்லை.

“இன்னைக்கு ஒண்ணும் சொல்லல்லியே” என்றாள் சிவகாமியம்மாள், தம்ளரைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு.

“எதை?”

“திங்கள் ஒண்ணு சொன்னிய. செவ்வா ஒண்ணு சொன்னிய. புதனுக்கு என்ன கேடு?”

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஆறின காப்பியை அவர் ஜென்ம விரோதியாகக் கருதுபவர். “நசை” என்றார் வேகமாக.

“அது எதுக்கு?”

“அதுவும் ஆசைதான்.”

“அப்படித் தெளிவாச் சொல்லுங்க” என்று தம்ளரைக் கொடுத்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கமிட்டியில் விட்ட பொய் அவர் வீட்டுச் சமையலறையில் அப்படியே உண்மையாகி நின்றுகொண்டிருந்தது. காலையில் காப்பி, காப்பிக்கு ஒரு சொல், இன்றைக்குச் சொன்னது நாளைக்குக் கிடையாது. அப்படியென்றால் இவளை மேடைக்கே கூட்டிப் போய்விட்டால் என்ன? ஒரு கணம் யோசித்தார். ‘எப்போதிலிருந்து?’ என்று வன்னியபெருமாள் ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது. அவர் கேட்பார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்.

வியாழக்கிழமை இருந்ததிலேயே பெரிய சொல்லை எடுத்தார். அன்றைக்கு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

“விரகம்னு ஒண்ணு இருக்கு பிள்ளே. ஆசையிலேயே ஒசந்தது அதுதான். பிரிஞ்சிருக்கும்போது வாற தவிப்பு. கூடவே இருந்தா ஆசை சோம்பிப் போகும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ மலையில, நான் இங்க. நான் கிடந்து உருகணும். அப்பத்தான் மறுநாள் வந்து உன்னைப் பாக்கும்போது அது பூரணமாகும்.”

சொல்லச் சொல்ல அவருக்கே கண் லேசாகக் கலங்கியது. சொற்பொழிவாளர்களுக்கு இந்த உபத்திரவம் உண்டு.

சிவகாமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பிள்ளை எடுத்துக்கொண்டார்.

“இவ்வளவு சொன்ன பொறவு நான் போகாம இருந்தா பாவம்” என்றாள் கடைசியில். “போறேன். உங்களுக்காகத்தான்.”

அன்று முழுக்கப் பிள்ளையின் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் பெங்களூரிலிருந்து திவ்யலட்சுமி போன் செய்தாள். “அப்பா, அம்மாகிட்ட என்ன சொன்னீங்க? போன்ல பேசவே முடியல, சிரிச்சிட்டே இருக்காங்க.”

“தமிழ்” என்றார் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுதீஷ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். சிவகாமியம்மாள் அரக்குப் பட்டு உடுத்தி, தலையில் பிச்சிப்பூ வைத்து வந்தாள்.

“மலைக்கு எதுக்குப் பட்டு?”

“அங்க தணுப்பு அல்லே?” என்றாள். மலைக் குளிருக்குப் பட்டு, நியாயமாகத்தான் தோன்றியது. கார் தெருமுனை திரும்பும்வரை பிள்ளை கையசைத்துக்கொண்டு நின்றார். அவள் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது, விரகம் உடனே ஆரம்பித்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். கார் மறைந்ததும் உள்ளே போய், தாமே காப்பி போட்டு, எந்தச் சொல்லும் சொல்லாமல் குடித்தார்.

சாயந்திரம் ஹால் நிறைந்திருந்தது. பிள்ளை அன்றைக்குப் பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. காமத்துக்கு இழந்த மரியாதையை மீட்டுக் கொடுத்தார். மையலுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். காப்பித் தம்ளருக்கு வந்தபோது ஹால் முன்னால் சாய்ந்து கேட்டது. “சொல்லைப் பூட்டி வைக்காதீர்கள். என் வீட்டில் விடியலே ஒரு சொல்லோடுதான் விடிகிறது” என்றார். பெண்கள் தத்தம் கணவன்மார் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கணவன்மார் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

“இதற்கு என் துணைவியாரே சாட்சி” என்று குரலைத் தாழ்த்தினார். “ஆனால் அவர் இன்று பொன்முடியில் இருக்கிறார். நீண்ட நாள் ஆசை, என்னால் மறுக்க முடியவில்லை.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. பிள்ளை நாற்காலியில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, வரப்போகும் பொன்னாடையின் கனத்தைத் தோளில் உணர்ந்தார். கண்ணைத் திறந்தபோது மைக்கின் முன்னால் வன்னியபெருமாள் நின்றார்.

“அடுத்தபடியாக, சாட்சியுரை” என்றார் வன்னியபெருமாள்.

பெண்கள் பக்கத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு அரக்குப் பட்டு எழுந்தது. கூடவே சரோஜமும் எழுந்தாள். வாசலில் சுதீஷ் ஒரு கையில் வடையோடு நின்றுகொண்டிருந்தான். காலையில் கிளம்பிய கார் தெருமுனையில் திரும்பி, நேராகச் சரோஜம் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறது. மதியச் சாப்பாடு அங்கேதான். பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்தார். எழுந்து ஓடலாம் என்றால் மேடைக்கு ஒரே படிக்கட்டு, அதில் அவள் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

சிவகாமியம்மாள் உட்காரவில்லை. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

“எனக்குப் பேசத் தெரியாது. சாட்சி சொல்லத்தான் வந்தேன். இவங்க சொன்னது நெசம். காலையில காப்பி வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லுவாங்க. சொன்னதைத் திருப்பிச் சொன்னதில்ல.”

கைதட்டினார்கள். பிள்ளையின் உயிர் பாதி திரும்பி வந்தது.

“எல்லாம் இந்த வாரம்தான்.”

அந்தப் பாதி மறுபடியும் போயிற்று. முதலில் சிரித்தது சத்தியநேசன். தலைவர் சிரித்த பிறகு சபைக்கு என்ன தடை?

“சொல்லு இவங்க சொன்னாங்க. பயன்பாடு நான் சொல்லுதேன்” என்றாள் சிவகாமியம்மாள், வீட்டில் பால்காரனுக்குக் கணக்குச் சொல்கிற அதே குரலில். “திங்கக்கிழமை விழைவு. அன்னைக்கு, ‘பொன்முடிக்குப் போ’ன்னாங்க. செவ்வாக்கிழமை மையல். ‘வண்டி பேசியாச்சு’ன்னாங்க. வியாழக்கிழமை விரகம். அது ரொம்ப ஒசந்ததாம், பொண்டாட்டி ஊரில இல்லாம இருந்தாத்தான் வருமாம். இவங்க தினமும் வார்த்தை சொல்லுதாங்களான்னு நான் இந்த மேடையில வந்து சொல்லணும்னு கமிட்டியில முடிவாச்சு. அதை வன்னியபெருமாள் அண்ணன் சொல்லிக் கேட்டு, சரோஜம் எனக்குப் போன் பண்ணிச் சொல்லும்போது இவங்க கரமனைப் பாலம்கூடத் தாண்டல்ல. அதனால எனக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் நல்லா மனசிலாச்சு. எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தான். ‘ஏ பிள்ளே, ஊரை விட்டுப் போ.’”

ஹால் குலுங்கியது. வன்னியபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளை மேடைத் தரையில் ஒரு ஓட்டை உண்டா என்று தேடினார்.

அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். அந்தக் கலை அவளுக்கு எங்கே இருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. அவருக்கே கைவர வருஷங்கள் ஆயின.

“இதுக்கு முன்னால இவங்க ஒரு வார்த்தையும் சொன்னதில்ல. எனக்கு அது குறையாத்தான் இருந்தது, இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன். இந்த வாரம்தான் யோசிச்சுப் பாத்தேன். போகச் சொல்லணும்னா இவ்வளவு பேசத் தெரிஞ்ச மனுசன், இத்தனை வருசம் வாயைத் திறக்காம இருந்திருக்காங்க. அப்ப நான் கூடவே இருக்கணும்னுதான் இருந்திருக்கும். அதையும் காதற்சொல்லில சேத்துக்கிடலாமான்னு பேச்சாளர்தான் சொல்லணும்.”

வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தாள். முதலில் கைதட்டியவர் பகவதிப்பெருமாள் பிள்ளை. மானம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். பேச்சு என்றால் அவருக்குத் தெரியும். ஏற்றம், இறக்கம், நிறுத்தம், முடிக்கிற இடம், ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. மேடையில் பக்கத்து நாற்காலியில் இருந்த பல் டாக்டரிடம் திரும்பினார்.

“எனக்க வீட்டுக்காரியாக்கும்” என்றார். அந்த மேடையில் அவர் இத்தனை பெருமையாகச் சொன்ன சொற்கள் வேறு இல்லை.

சத்தியநேசன் பொன்னாடையை எடுத்தார். பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். வன்னியபெருமாள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சத்தியநேசன் இருவரையும் தாண்டிப் போய்ச் சிவகாமியம்மாளுக்கு அதைப் போர்த்தினார். “சொற்கோ பட்டம், பயன்பாட்டுக்கு” என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

விழா முடிந்து இரண்டு தம்பதிகளும் சுதீஷின் காரில் திரும்பினார்கள். வன்னியபெருமாள் தம்பதியை அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். பின்சீட்டில் இப்போது பிள்ளையும் மனைவியும் மட்டும். அவள் மடியில் பொன்னாடை மடிந்து கிடந்தது.

“ரூம் சும்மா கிடக்கும்” என்றார் பிள்ளை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

“சும்மா எதுக்குக் கிடக்கும்? நாளைக்குத்தான் வருவோம்னு அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லியாச்சு. சுதீஷ் காலையில வண்டி கொண்டு வாறான்.”

பிள்ளை பொன்னாடையின் மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். இவளோடு அந்த வளைவுகளில் ஏற வேண்டும், பனியில் நிற்க வேண்டும், அட்டை கடித்தால் கடிக்கட்டும். அவருக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் ஒரு தடவை மனசுக்குள் தேடினார். ஒன்றாவது எழுந்து வர வேண்டுமே.

“நானும் வாறேன்” என்றார்.

சிவகாமியம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கல்யாணத்தன்று ஐயர் பிடித்து வைத்த பிறகு அந்தக் கை இப்படிப் பிடிபட்டதாக அவருக்கு நினைவில்லை.

“இது நெசமாச் சொல்லுதிய” என்றாள். “ஒரு அலங்காரமும் இல்ல. எனக்கு ரொம்பச் சந்தோசம்.”

“அப்ப காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

“நானும் சரோஜமும் ஏழு மணிக்கு. மாவு பிரிட்ஜில இருக்கு, வன்னியபெருமாள் அண்ணன் எட்டு மணிக்கு இஞ்ச வருவாங்க, ரெண்டு நாளைக்கு அவங்களுக்கும் சேத்துத் தோசை சுட்டுக் குடுத்திருங்க.”